பூங்கா கட்டிய காலனியும் கட்டாத காலனியும்

சென்னை திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்றொரு குடியிருப்பு இருக்கிறது. நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் இடம். 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை அங்கே இருபது வயதைக் கடந்தவர்களைக் கணக்கெடுத்துப் பரிசோதித்தது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் அளக்கப்பட்டன. முடிவுகள் அவரவர் கைக்கு வந்தபோது காலனிக்காரர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போயிருக்க வேண்டும். எட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதைவிடப் பெரிய சேதி, வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான்.

பிறகு வழக்கம்போல விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடந்தன. நடங்கள், எண்ணெயைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள். இந்த இடத்தில் பெரும்பாலான கதைகள் முடிந்துவிடும். கூட்டத்தில் கொடுத்த தேநீரையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஆசியாட் காலனிக்காரர்கள் ஒருபடி மேலே போனார்கள். 'நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?' என்ற கேள்விக்குத் தாங்களே பதில் கண்டுபிடித்தார்கள். தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்காவை அமைத்தார்கள். 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் திரும்பி வந்து கணக்கெடுத்தபோது, வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாகியிருந்தார்கள்.

மருந்து இல்லை, பரிசு இல்லை, அரசாணை இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நடக்க ஓர் இடம் வந்தது, அவ்வளவுதான். எடைக் குறைப்பு பற்றிய பேச்சில் 'ஆதரவு' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். குடும்பத்தின் ஆதரவு, மருத்துவரின் ஆதரவு, மனவுறுதி என்று அது ஏதோ உள்ளத்து விஷயம்போல ஆகிவிடுகிறது. எனக்கென்னவோ அது பெரும்பாலும் மண்ணும் சிமென்டும் சேர்ந்த சமாசாரமாகத்தான் படுகிறது. எத்தனை அடி தூரத்தில் பாதை, எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், விளக்கு எரியுமா, நாய் துரத்துமா, நாம் வராத நாளில் 'என்ன சார், நேற்று ஆளையே காணோம்?' என்று கேட்க யாராவது உண்டா? ஆதரவு என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

அந்த ஆய்வில் இன்னொரு காலனியும் இருந்தது. தி. நகரில் உள்ள பாரதி நகர், குறைந்த வருமானக்காரர்களின் குடியிருப்பு. தொடக்கத்தில் அங்கே சர்க்கரை நோய் 6.5 சதவீதம்தான். ஆசியாட் காலனியில் 12.4 சதவீதம். வசதி வந்தால் நோய் வரும் என்ற பழைய கணக்குக்குப் பொருந்தும் எண்கள். பத்தாண்டுக்குப் பிறகு மீண்டும் அளந்தபோது ஆசியாட் காலனியில் 15.4 சதவீதம், பாரதி நகரில் 15.3 சதவீதம். ஒன்று கொஞ்சம் ஏறியது. மற்றொன்று இரண்டு மடங்கைத் தாண்டி ஏறி, முன்னதைப் பிடித்துவிட்டது.

இதற்குப் பூங்கா மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பத்தாண்டில் ஏழைக் குடும்பங்களின் சாப்பாடு மாறியது, வேலை மாறியது. சைக்கிள் மிதித்தவர் மொபெட் வாங்கினார். அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குப் போயின. படிப்பும் பணமும் உள்ளவர்கள் எச்சரிக்கையைக் கேட்டு உடனே தங்களை மாற்றிக்கொள்ள முடியும். மற்றவர்களுக்கு அது எளிதல்ல. இருந்தாலும் இரண்டு காலனிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. வீட்டுக்கு வீடு பணம் திரட்டிப் பூங்கா கட்ட முடிந்தவர்கள் கட்டிக்கொண்டார்கள். கட்ட முடியாதவர்களுக்கு அதைக் கட்டித் தர வேண்டிய பொறுப்பு யாருடையது என்று அன்றும் தெளிவாகவில்லை, இன்றும் ஆகவில்லை.

தி. நகரில் பூங்காவே இல்லையா என்று கேட்கலாம். பனகல் பூங்கா இருக்கிறது, நடேசன் பூங்கா இருக்கிறது. ஆனால் சென்னையில் ஒரு கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் தெரியும் ஒரு கிலோமீட்டர் அல்ல. அதற்கு நடுவே ஒரு பெரிய சாலை, நடைபாதையை அடைத்து நிற்கும் மின்மாற்றி, வண்டிகள், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாத பள்ளம் எல்லாம் வரும். நடக்கப் போகும் இடத்துக்கு ஆட்டோவில் போக வேண்டியிருந்தால் அந்தப் பழக்கம் மூன்றாம் நாளே முறிந்துவிடும்.

இனி மாநிலக் கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது. அதற்கு முந்தைய சுற்றில் இது 30.9, 28.2 என்று இருந்தது. நான்கைந்து ஆண்டில் ஏறத்தாழப் பத்துப் புள்ளி ஏற்றம். அந்த ஆய்வு அதிக எடைக்கு வைத்திருக்கும் அளவுகோல் உலகப் பொது அளவான பி.எம்.ஐ. 25 (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்தான் பி.எம்.ஐ.). இந்திய உடம்புக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு இன்னும் கீழே. பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 63 கிலோவிலேயே முதல் கோட்டைத் தொட்டுவிடுவார், 68 கிலோவில் இரண்டாவதை. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வரும் நம் ஊர் உடல்வாகுக்குத் தராசைவிட அளவு நாடாதான் உண்மை சொல்லும். இடுப்புச் சுற்றுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தையல்காரரிடம் போகும்போது அளந்துகொள்ளலாம், செலவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு, 2014-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் மக்களின் உடல் உழைப்பையும் அளந்து காட்டியது. தமிழ்நாட்டில் அப்போது கேட்கப்பட்டவர்களில் 93 சதவீதம் பேர் ஓய்வு நேரத்தில் விளையாட்டு, நடை, உடற்பயிற்சி என்று எதையுமே செய்யவில்லை. சோம்பேறி மாநிலம் என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நம் ஊரில் உடம்பு அசைவது என்றால் வேலை. வேலைக்காக நடப்பார்கள், தண்ணீருக்காக நடப்பார்கள், கோயிலுக்கு, பழநிக்கு, வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை நடப்பார்கள். காரணமே இல்லாமல், போன இடத்துக்கே திரும்பி வருவதற்காக நடப்பது புதுப் பழக்கம். வேலை நாற்காலிக்கு நகர்ந்துவிட்ட பிறகு அந்தக் காரணமற்ற நடைதான் மிச்சம் என்று ஆகியிருக்கிறது. 'வீட்டு வேலையே போதாதா?' என்று கேட்கும் பெண்களுக்கு என் பதில், சில வீடுகளில் போதும், பல வீடுகளில் போதாது என்பதுதான். மிக்சியும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு மிஞ்சியிருப்பது களைப்பைத் தரும் வேலை. மூச்சு வாங்க வைக்கும் வேலை அல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமானது என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் பூங்காக்களில் பேசிக்கொண்டே நடப்பவர்களில் பலர் பாடக்கூட முடிகிற வேகத்தில்தான் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கு மருத்துவ நூலிலிருந்து வந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதற்குக் கீழே நடந்தாலும் பயன் உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன.

ஆனால் நடந்தால் எடை குறையுமா? இங்கேதான் பலர் ஏமாந்து, மனம் சலித்து, ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. காகிதக் கணக்கிலேயே இரண்டு மாதம் தவறாமல் நடந்தால் ஒரு கிலோ. நடைமுறையில் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். நடை முடிந்ததும் பூங்கா வாசலில் இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அன்றைய கணக்கு நேராகிவிடும், சில நாள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும்விடும். காலை நடைக் கூட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பசை அந்தக் காபிதான் என்பதும் எனக்குத் தெரியும். காபியை விடச் சொல்ல மாட்டேன். வடையைப் பற்றி யோசிக்கலாம்.

எடையைத் தராசில் மட்டும் தேடக் கூடாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் நோயின் வாசலில் நின்றவர்கள். மூன்று ஆண்டில், பொதுவான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றத் தொடர்ந்து உதவி கிடைத்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அந்த இரண்டாம் குழுவின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. தராசு அசையாதபோதும் உடம்புக்குள் ஏதோ நல்லது நடந்துகொண்டிருந்தது. 'ஆறு மாதம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை' என்று சொல்பவரிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

பிறகு வந்தது டி-கிளிப் எனப்படும் ஆய்வு. அமெரிக்காவில் பலன் தந்த பாடத்திட்டத்தை நம் சாப்பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றபடி மாற்றிச் சென்னையில் நடத்திப் பார்த்தார்கள். 578 பேர். முதல் ஆறு மாதம் குழு வகுப்புகள். ஏழு சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு. மூன்று ஆண்டில் வகுப்புக்கு வந்தவர்களிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்க்க வேண்டியிருந்தது. வகுப்பு எல்லாவற்றையும் தனியாகச் சாதித்துவிடவில்லை. ஆனாலும் மருத்துவமனை அறையில் இரண்டு நிமிடம் சொல்லப்படும் 'வெயிட்டைக் குறைங்க' என்ற வாக்கியத்துக்கும், வாரா வாரம் ஒரே முகங்களோடு உட்கார்ந்து 'பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என்ன செய்வது?' என்று பேசும் வகுப்புக்கும் உள்ள தூரம் அந்த எண்ணிக்கையில் தெரிகிறது.

ஆள் நேரில் வரவே வேண்டும் என்பதுகூட இல்லை. ராமச்சந்திரன் குழு 2013-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரில் ஒரு பாதிக்குச் செல்பேசியில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. யாரோ நம்மை மறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்புக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

அரசு என்ன செய்திருக்கிறது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தெருவில் யாருக்கு மூட்டு வலி, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், யார் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நோய் வந்தவரைத் தேடிப் போகும் அதே கால்கள், வராமல் தடுக்கும் வேலைக்கும் போனால் எவ்வளவு நன்றாயிருக்கும்! போகலாம், ஆனால் ஏற்கெனவே அவர்கள் தோளில் இருக்கும் பதிவேடுகளின் எடையையும், கைக்கு வரும் ஊக்கத்தொகையின் அளவையும் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்க வேண்டும்.

2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் நேரடியாக நடைக்கானது. அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் மாரத்தான் ஓடுபவர். ஜப்பானில் பார்த்த நடைபாதை ஒன்றின் தாக்கத்தில் உருவானது இது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைப் பாதைகள் அடையாளம் காணப்பட்டன. சென்னையில் அது பெசன்ட் நகர்ப் பக்கம். நல்ல யோசனைதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது அடையாளம், அன்றாடத்துக்கு உதவாது. வியாசர்பாடியில் இருப்பவர் காலை ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகருக்குப் போய் நடந்துவிட்டு எட்டு மணி வேலைக்குத் திரும்ப மாட்டார். எட்டு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாதையைவிட, எண்ணூறு மீட்டர் நீளத்தில் பத்துப் பாதைகள் பத்து வட்டங்களில் இருந்தால் அதிகக் கால்கள் அசையும்.

பாதை விஷயத்தில் சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் எல்லோருக்கும் முன்னால் போனது. 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமென்று தனிக் கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதப்பட்டது. 2019-ல் தி. நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் வந்தது. கடைகள் திறப்பதற்கு முன் அங்கே நடப்பது தனிச் சுகம். ஆனால் அந்த ஒரு தெருவைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தால் கொள்கை எங்கே முடிகிறது என்று உங்கள் கணுக்காலே சொல்லிவிடும். கோவைக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் இருக்கிறது, இரண்டரைக் கிலோமீட்டர் சுற்று. விடியற்காலையில் அங்கே ஊரே திரள்கிறது. அங்கே நடப்பவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட ஒழுக்கசாலிகள் என்று நான் நம்பவில்லை. பாதை நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான்.

இடம் இருந்தும் போக முடியாதவர்களும் உண்டு. பூங்காவில் நல்ல வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள நேரம் காலை ஐந்தரை முதல் ஏழு வரை. அதே நேரத்தில்தான் ஒரு வீட்டில் காபி, டிபன், மூன்று டப்பா மதியச் சாப்பாடு, பிள்ளையின் சீருடை எல்லாம் நடக்கின்றன. யார் நடக்கப் போகிறார், யார் அடுப்படியில் நிற்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பநல ஆய்வில் பெண்களின் எண் ஆண்களின் எண்ணைவிட மேலே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க முடியும். மாலை நடை சாத்தியம், விளக்கு எரிந்தால். அதனால்தான் பெண்கள் பலர் மொட்டை மாடிக்குப் போய் 'எட்டு' போடுகிறார்கள். சித்தர்கள் சொன்னது, சர்க்கரையை விரட்டும் என்று அதைச் சுற்றிக் கதைகள் ஏராளம். எட்டுக்குத் தனி மந்திரம் ஒன்றும் கிடையாது. ஆனால் சின்ன இடத்தில் தலை சுற்றாமல் அரைமணி நேரம் நடக்க உதவுகிறதே, அது போதாதா? புடவையும் ஷூவுமாக, கைப்பிடிச் சுவருக்குள் எட்டு போடும் அந்த அம்மாக்கள் தங்களுக்கான பூங்காவைத் தாங்களே வரைந்துகொண்டவர்கள்.

மருந்துக் கடையில் இப்போது வேறொரு வழியும் திறந்திருக்கிறது. எடையைக் குறைக்கும் மருந்துகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. மவுன்ஜாரோவின் பெரிய ஆய்வில் உச்ச அளவு போட்டுக்கொண்டவர்கள் 72 வாரத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு எடையை இழந்தார்கள். அரைமணி நேர நடையால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு இது. தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல மருந்து, கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் வீகோவி மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பி வந்துவிட்டது. குறையும் எடையில் ஒரு பகுதி தசையும்கூட. ஊசி போட்டுக்கொண்டவருக்கும் கடைசியில் நடக்கவும் கொஞ்சம் பளு தூக்கவும் ஓர் இடம் வேண்டும். பாரதி நகர் போன்ற இடங்களில் அந்த ஊசிக்கான மாதச் செலவைப் பற்றிப் பேசுவதே வேடிக்கை.

புதிதாக நிலம் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். நெருக்கமான பகுதிகளிலும் ஒரு வெட்டவெளி மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அது அரசுப் பள்ளியின் மைதானம். காலை எட்டரை வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும், ஞாயிறு முழுவதும் அது சும்மா கிடக்கிறது. என் வீட்டுக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று. வேப்ப மரம் நான்கு, சுற்றுச்சுவர் ஓரமாகச் சுற்றினால் முந்நூறு அடி இருக்கும். காலை ஆறு மணிக்குத் தெருவில் உள்ள ஐந்தாறு பேர் அதன் பூட்டிய கதவைக் கடந்து, தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி, நாய்க்கு ஒதுங்கிச் சாலையிலேயே நடக்கிறார்கள். காலையில் மட்டும் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். குப்பை போடுவார்கள், குடித்துவிட்டு வருவார்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார்கள். பயப்படுவதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பொறுப்பேற்க ஒரு குழு அமைத்து எழுதிக் கொடுத்தோம். மனு மேலிடத்துக்குப் போயிருக்கிறது. சாவி காவலாளியிடம் இருக்கிறது. அவர் ஏழே முக்காலுக்கு வருகிறார், அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.